புகையைப் பார்க்கிறார்கள், சில்லை யார் பார்ப்பது?

என்னிடம் ஒரு மொறிஸ் மைனர் கார் இருக்கிறது. அதனை நான் வைத்திருக்கிறேன் என்பதைவிட, அது என்னைப் பிடித்து வைத்திருக்கிறது என்று வீட்டில் உள்ளவர்கள் சொல்வதே பொருத்தம். 1948இல் பிரித்தானியாவில் அறிமுகமான அந்தக் கார், உற்பத்தி நின்று அரை நூற்றாண்டு கடந்த பின்னரும் யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் ஓடிக்கொண்டிருப்பதற்குக் காரணம் எங்கள் மெக்கானிக்குகள்தாம். 1990இற்குப் பின்னர் எரிபொருளுக்கும் உதிரிப்பாகங்களுக்கும் தடை இருந்த காலத்தில், ஒரு துளி பெற்றோலைக் காட்டி ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டிய கார்கள் இவையும் ஒஸ்ரின் ஏ 40களும்தாம். எனவே சொந்தக் கையால் திருத்துவதை இழிவாகப் பேசும் உரிமை எங்கள் ஊரில் எவருக்கும் இல்லை. நான் குறைகூற வந்தது வேறொன்றை.

மைனரின் பின்பக்கச் சஸ்பென்சன் எளிமையானது. அச்சைத் தகட்டு வில்கள் தாங்குகின்றன. வில்லின் துள்ளலை அடக்குவதற்கு இன்றைய குழாய் வடிவ ஷொக் அப்சோபர் அதில் இல்லை. எண்ணெய் நிரப்பிய ஒரு பெட்டியும் அதிலிருந்து நீளும் ஒரு கையும் உண்டு. காலப்போக்கில் அந்தக் கை திரும்பும் தண்டின் ஓரத்தால் எண்ணெய் கசியும். பலர் கையில் கிடைத்த எஞ்சின் எண்ணெயை ஊற்றிச் சமாளிப்பார்கள். நானும் சமாளித்தேன். கடந்த மாரியில், நனைந்த வீதியில் பிரேக் பிடித்தபோது பின்பக்கம் மிதந்து ஒரு பக்கமாக விலகியதும் சமாளிப்பை நிறுத்தினேன்.

இதற்கு மாற்றாகக் குழாய் ஷொக்குகளும் அவற்றைப் பொருத்தும் இரும்புத் தகடுகளும் சேர்ந்த தொகுதிகள் விற்பனைக்கு உண்டு. கார் செய்த நிறுவனத்தின் தயாரிப்பு அல்ல அவை; அது குற்றமுமல்ல. 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரிலிருந்த மொறிஸ் மைனர் நிலையத்துக்காக இலங்கையிலேயே பாகங்கள் செய்யப்பட்டன என்பதை இளையவர்கள் அறியமாட்டார்கள். எனவே 'கம்பனிப் பாகம் அல்ல' என்பதற்காக முகஞ்சுளிப்பவன் அல்லன் நான். கடைக்காரர் பெட்டியைத் தட்டி, "மைனருக்கு எண்டே வந்தது ஐயா" என்றார். வாங்கினேன்.

அயல்வீட்டுத் தம்பியும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் வேலையைத் தொடங்கினோம். ஜக் மட்டும் தாங்கி நிற்கும் காருக்குக் கீழே தலையைக் கொடுக்கக்கூடாது என்பது அவன் போட்ட முதல் நிபந்தனை. இரண்டு இரும்புத் தாங்கிகளை வைத்து, கழற்றிய சில்லுகளையும் அடியில் தள்ளிவிட்டுத்தான் உள்ளே போனான். துருப்பிடித்த நட்டுகள் காலைப்பொழுது முழுவதையும் தின்றன. றப்பர் புஷ்களின் நட்டுகளை இறுதியாக இறுக்குவதற்குக் காரைச் சில்லுகளில் இறக்கச் சொன்னான். தொங்கும் நிலையில் இறுக்கினால் றப்பர் முறுகியபடியே இருந்து விரைவில் கிழியும் என்பது அவன் விளக்கம். நான் அறிந்திராத செய்தி.

ஓட்டிப் பார்த்தோம்; மிக அழகாக ஓடியது. மறுநாள் பேரப்பிள்ளைகள் இருவரும் அவர்களுடைய தாயும் பின்னிருக்கையில் ஏறினார்கள். சந்தி மதகில் ஏறி இறங்கியபோது இரும்பு இரும்பில் இடித்த சத்தம் கேட்டது.

தம்பி அளவுநாடாவுடன் வந்தான். அச்சைத் தடுப்பு றப்பர் தொடும்வரை ஜக்கால் உயர்த்தி, ஷொக் பொருத்தும் இரு புள்ளிகளுக்கும் இடையிலான தூரத்தை அளந்தான். பிறகு ஷொக்கைக் கழற்றி, முற்றாக அமுக்கி அளந்தான். அமுங்கிய ஷொக் அந்த இடைவெளியைவிட அரை அங்குலம் நீளமாக இருந்தது. "ஐயா, பாரம் ஏறினா றப்பர் தொட முந்தி ஷொக்தான் அடிவாங்கும். ஒருநாள் தகடு பிடுங்கிக்கொண்டு வந்திடும்" என்றான். பிடுங்கிய தகடு எந்த வேகத்தில், எந்த வளைவில் பிடுங்கும் என்பதை அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பொருத்துவதற்கு முன்னரே அளந்திருக்க வேண்டும். அது எங்கள் பிழை, மறுக்கவில்லை. ஆனால் பெட்டிக்குள் ஒரு துண்டுக் கடதாசியில் இரண்டு எண்களை அச்சிட்டிருந்தால், அதாவது அமுங்கிய நீளம், விரிந்த நீளம், எந்த வீட்டு முற்றத்திலும் ஐந்து நிமிடத்தில் ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாம். மாத்திரைப் பட்டையில் காலாவதித் திகதி இல்லாவிட்டால் கடைக்காரரைக் கேள்வி கேட்கிறோம். ஒரு குடும்பத்தின் உயிரைத் தாங்கும் இரும்பை அளவில்லாமல் விற்கலாமா?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே கதவு திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பழைய கார்கள் இன்னும் பழையனவாகின. அவற்றில் மாட்டப்பட்ட பாகங்களை எவர் பார்த்தார்? பேருந்துக்கும் லொறிக்கும் தகுதிச் சான்றிதழ் கேட்கிறார்கள். தனியார் காருக்கோ 2008இல் தொடங்கிய புகைப் பரிசோதனையும் காப்புறுதியும் இருந்தால் வருமான அனுமதிப்பத்திரம் கிடைத்துவிடும். காற்று மாசடையாமல் காப்பது நல்லதே. ஆயினும் சில்லு கழன்றோடும் கார்கூடச் சுத்தமான புகை விடக்கூடும்.

பிரித்தானியாவைப் பாருங்கள் என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை. சொல்லாமலும் இருக்க முடியவில்லை. அங்கு 2018 மே மாதத்திலிருந்து 40 ஆண்டு கடந்த கார்களுக்கு ஆண்டுப் பரிசோதனையில் விலக்கு உண்டு. ஆனால் கடந்த 30 ஆண்டுகளுக்குள் பெரிய மாற்றம் செய்யப்பட்ட காருக்கு அந்த விலக்கு இல்லை. சஸ்பென்சனின் முறையை மாற்றுவதும் பெரிய மாற்றமாகவே எண்ணப்படுகிறது. பாதுகாப்பை உயர்த்தும் மாற்றங்கள் போன்றவற்றுக்கு இடம் கொடுக்கிறார்கள். பழமையை மதிப்பதும் மாற்றத்தைச் சோதிப்பதும் ஒன்றாக நடக்கலாம் என்பதே நான் இதில் கண்டது. புகை பார்க்கும் இடத்திலேயே ஒரு குழியும் ஒரு நெம்புகோலும் அனுபவமுள்ள ஒரு மெக்கானிக்கும் இருந்தால், நமது நாட்டிலும் தொடங்கிவிடலாம். முற்றத்தில் வேலைசெய்பவர்களைத் தண்டிப்பதற்கு அல்ல. அவர்கள் செய்ததை இன்னொரு கண் பார்ப்பதற்கு.

கடைக்காரர் நல்லவர். பொருளைத் திருப்பி எடுத்துக்கொண்டு, ஒரு கேள்வியும் கேட்காமல் காசைத் தந்தார். அளவைப் பற்றிச் சொன்னேன், தலையை ஆட்டினார். நான் வாசலைத் தாண்டுவதற்குள், அந்த இரண்டு ஷொக்குகளும் அதே பெட்டியில், அதே இறாக்கைக்குப் போய்விட்டன.