முதல் மாதம் ஆய்வகத்தின் பொறுப்பு

முனைவர் பட்ட ஆய்வில் சேரும் ஒருவரிடம் பல்கலைக்கழகம் கேட்டு வாங்குபவை ஏராளம்: மாற்றுச் சான்றிதழ், இடப்பெயர்வுச் சான்றிதழ், நெறியாளரின் ஒப்புதல் கடிதம், கட்டண ரசீது. ஆய்வகத்துக்குள் காலெடுத்து வைக்கும் அந்த மாணவருக்குப் பல்கலைக்கழகம் எழுத்தில் தருவது என்ன? பல ஆய்வகங்களில் எதுவும் இல்லை. “சீனியர்கிட்ட கேட்டுக்கோங்க” என்ற ஒரு சொல்லோடு வரவேற்பு முடிந்துவிடுகிறது. எந்தக் கருவியைத் தனியாக இயக்கலாம், எந்த வேதிப்பொருளைத் தொடுவதற்கு முன் யாரைக் கேட்க வேண்டும், தீப்பிடித்தால் முதலில் என்ன செய்ய வேண்டும், கிடைக்கும் தரவை எங்கே சேமிக்க வேண்டும், கட்டுரையில் யார் பெயர் எந்த வரிசையில் வரும் என்பதையெல்லாம் கண்டறியும் சுமை புதியவரின் தலையில் விழுகிறது. அந்தச் சுமையை ஆய்வகம் ஏற்க வேண்டும். ஏற்கும்படி பல்கலைக்கழகங்கள் விதி வகுக்க வேண்டும்.

இந்த அலட்சியம் உயிரையும் பறிக்கும். லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில், 2008 டிசம்பர் 29 அன்று, ஷெஹர்பானோ சங்ஜி என்ற 23 வயது ஆய்வு உதவியாளர் டெர்ட்-பியூட்டைல் லித்தியம் கரைசலை பிளாஸ்டிக் சிரிஞ்சில் எடுத்துக்கொண்டிருந்தார். காற்று பட்டாலே பற்றி எரியும் பொருள் அது. சிரிஞ்சின் தண்டு கழன்று, கரைசல் சிந்தித் தீப்பிடித்தது. அவர் ஆய்வகக் கோட் அணிந்திருக்கவில்லை. 18 நாட்கள் போராடி, 2009 ஜனவரி 16 அன்று இறந்தார். விபத்து நடந்தபோது அவர் வேலையில் சேர்ந்து மூன்று மாதங்கள்கூட நிறைவடைந்திருக்கவில்லை. உரிய பயிற்சி அவருக்கு அளிக்கப்படவில்லை என்று கூறிய மாநிலப் பணியிடப் பாதுகாப்பு அமைப்பு, பல்கலைக்கழகத்துக்கு அபராதம் விதித்தது. பின்னர் அந்த ஆய்வகத்தின் பேராசிரியர் மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் குற்ற வழக்கு தொடரப்பட்டது. பாதுகாப்பு நடைமுறைகளைத் திருத்த ஒப்புக்கொண்ட பிறகே பல்கலைக்கழகம் 2012-ல் அந்த வழக்கிலிருந்து விடுபட்டது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சங்ஜி சம்பளம் வாங்கிய ஊழியர். அதனால்தான் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் அவருக்காகப் பேசியது. நம் ஆய்வு மாணவர்களின் நிலை வேறு. மாதம் 37,000 ரூபாய் பெறும் இளநிலை ஆய்வாளருக்கும் அது உதவித்தொகைதான், சம்பளம் ஆகாது. உதவித்தொகையே இல்லாமல் படிப்பவர்களும் ஏராளம். காலை முதல் இரவு வரை அமிலத்தோடும் எரிவாயு உருளையோடும் உழைக்கும் இவர்களை ஊழியர்களாக நிர்வாகம் கருதுவதில்லை. ஆகவே பல்கலைக்கழகம் தானே வகுத்துக்கொள்ளும் விதிதான் இவர்களுக்கு முதன்மையான அரண்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு முனைவர் பட்ட விதிமுறைகள் குறைந்தது 12 கிரெடிட்டுக்குப் பாடப்பணியைக் கட்டாயமாக்கியுள்ளன. ஆய்வு முறையியலும் ஆய்வு-வெளியீட்டு அறமும் அதில் இடம்பெற வேண்டும். வரவேற்கத்தக்க ஏற்பாடு. ஆனால், வகுப்பறையில் கற்கும் முறையியல், குறிப்பிட்ட ஓர் ஆய்வகத்தில் நச்சுப்புகையை வெளியேற்றும் ஃபியூம் ஹூட் சரியாக இழுக்கிறதா என்று சொல்லித்தராது. அங்கே ஆட்டோகிளேவ் எப்போது மக்கர் செய்யும், குளிர்பெட்டியில் பெயரில்லாமல் இருக்கும் குப்பியில் என்ன இருக்கிறது என்பதும் பாடத்திட்டத்தில் வராது. அதே விதிமுறைகளின்படி ஒரு பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் நெறியாளராக இருக்கலாம். அரசுப் பல்கலைக்கழகங்களில் ஆசிரியர் பணியிடங்கள் நிரப்பப்படாமல் கிடக்கும் நிலையில், வகுப்பு, தேர்வுப் பணி, நிர்வாகப் பணி அனைத்துக்கும் நடுவே நெறியாளர் புதியவருக்கு ஒதுக்கும் நேரம் சுருங்கிப்போகிறது. கற்பிக்கும் வேலை, தன் ஆய்வேட்டை முடிக்கத் தவிக்கும் மூத்த மாணவரிடம் போய்ச் சேர்கிறது. அவருக்கு மனமும் நேரமும் இருந்தால் புதியவர் பிழைத்தார்.

இப்படிக் குருட்டதிர்ஷ்டத்தை நம்பியிருக்கும் ஏற்பாடு எல்லாரையும் ஒரேபோலப் பாதிப்பதில்லை. வசதியான நிறுவனத்தில் முதுநிலைப் படிப்பை முடித்தவருக்குக் கருவிகள் பழகியவை; கேள்வி கேட்கவும் தயக்கமில்லை. தமிழ்வழியில் பயின்று, அரசுக் கல்லூரியில் ஒரே நுண்ணோக்கியைப் பலரோடு பகிர்ந்து படித்து, குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வருபவருக்கு “இதுகூடத் தெரியாதா?” என்ற ஒரு கேள்வி போதும், அடுத்த ஆறு மாதம் வாய் திறக்க மாட்டார். தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டிக்கொள்வதுதான் ஆய்வகத்தில் ஆபத்தின் ஊற்றுக்கண். முதல் தலைமுறை மாணவர்களைப் பல்கலைக்கழகம் வரை கொண்டுவந்த தமிழ்நாடு, அவர்களை ஆய்வக வாசலில் தனியே விட்டுவிடக் கூடாது.

வருபவருக்குச் சொல்லித்தராத இடத்தில், போகிறவரிடம் கேட்டு வாங்கும் வழக்கமும் இருக்காது. டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் கோபால்ட்-60 கொண்ட காமா கதிர்வீச்சுக் கருவி ஒன்று 1985 முதல் பயன்பாடின்றிக் கிடந்தது. 2010 பிப்ரவரியில் அது பழைய இரும்போடு ஏலத்தில் போனது. மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் அதைப் பிரித்த தொழிலாளர்கள் கதிர்வீச்சுக்கு ஆளாகி, ஒருவர் உயிரிழந்தார். உள்ளே இருப்பது என்ன என்ற அறிவு, கால் நூற்றாண்டில் துறையின் நினைவிலிருந்தே அழிந்துபோயிருந்தது. அதற்கான விலையைக் கொடுத்தவர், ஆய்வகத்தையே பார்த்திராத ஒரு கூலித் தொழிலாளி.

“ஆராய்ச்சி என்பது தானே தட்டுத்தடுமாறிக் கற்பது, ஊட்டிவிட்டால் சுயசிந்தனை வளராது” என்று மூத்த பேராசிரியர்கள் சிலர் சொல்வதுண்டு. கருதுகோளில் தடுமாறுவது ஆராய்ச்சிக்கு நல்லது. அழுத்த உருளையின் வால்வைத் திறப்பதில் தடுமாறுவதால் யாருக்கும் சிந்தனை வளர்ந்துவிடாது. “ஒரு மாதம் வீணாகும்” என்பது இன்னொரு மறுப்பு. முறையாகக் குறிப்பெடுக்கத் தெரியாமல் செய்த சோதனையை மறுபடியும் முதலிலிருந்து செய்யும் மாணவரைக் கேட்டால், உண்மையில் எத்தனை மாதங்கள் வீணாகின்றன என்று சொல்வார். காகித வேலை கூடும் என்ற கவலையில் மட்டும் நியாயம் உண்டு. கையெழுத்துக்காக மட்டும் நிரப்பப்படும் படிவம் யாரையும் காக்காது. ஆகவே படிவங்களைக் குறைத்து, செய்துகாட்டுவதையும் செய்யவைத்துப் பார்ப்பதையும் கூட்ட வேண்டும்.

நாம் வலியுறுத்துவது இவைதான். முதல் நான்கு வாரங்கள் அறிமுகக் காலமாக அறிவிக்கப்பட வேண்டும். ஒவ்வொரு கருவியையும் பொறுப்பாளர் முன்னிலையில் இயக்கிக் காட்டிய பிறகே தனியாகக் கையாள அனுமதி. ஆபத்தான சோதனைகளை எவரும் தனியாக, ஆள் நடமாட்டமற்ற நேரத்தில் செய்யக் கூடாது. ஒவ்வொரு ஆய்வகத்துக்கும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு கையேடு வேண்டும். வேலை நேரம், விடுப்பு, தரவுப் பாதுகாப்பு, கட்டுரையில் பெயர் சேர்க்கும் முறை, பாலியல் தொல்லை குறித்து உள்ளகப் புகார்க் குழுவை அணுகும் வழி ஆகிய அனைத்தும் அதில் இருக்க வேண்டும். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆய்வகம் நடத்திவந்த மரியம் அலி, தன் ஆய்வகக் கையேட்டைப் பற்றி 2018-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். இத்தகைய கையேடுகளைப் பொதுவில் பகிரும் ஆய்வகங்கள் இன்று பல உள்ளன. முன்மாதிரிக்குப் பஞ்சமில்லை.

இதற்குப் புதிய நிதியும் தேவையில்லை. ஆய்வு மாணவருக்கு வாரம் 4 முதல் 6 மணி நேரம் கற்பித்தல் அல்லது ஆய்வு உதவிப் பணி தரலாம் என்று 2022 விதிமுறைகளே சொல்கின்றன. புதியவருக்குப் பயிற்சி அளிக்கும் மூத்த மாணவரின் நேரத்தை அந்தக் கணக்கில் சேர்க்கலாம். அறிமுகக் காலம் ஒழுங்காக நடந்ததா என்பதை ஆய்வு ஆலோசனைக் குழு தன் முதல் கூட்டத்தில், நெறியாளர் இல்லாத நேரத்தில் மாணவரிடமே கேட்டறியட்டும். ஆய்வை முடித்து வெளியேறுபவரிடம் நூலகப் புத்தகத்தையும் அடையாள அட்டையையும் கேட்கும் நிலுவையின்மைச் சான்றிதழ், இனி ஆய்வகக் குறிப்பேட்டையும் தரவையும், பெயர் ஒட்டிய குப்பிகளையும் ஒப்படைத்தாரா என்றும் கேட்கட்டும்.

ஒரு துணைவேந்தரின் சுற்றறிக்கையில் தொடங்கிவிடக்கூடிய மாற்றம் இது. அடுத்த முனைவர் பட்டச் சேர்க்கை அறிவிப்பு வெளியாவதற்குள் தமிழ்நாட்டின் பல்கலைக்கழகங்கள் அதைப் பிறப்பிக்க வேண்டும். அறிமுகக் காலத்தை நடத்தாத ஆய்வகத்துக்குப் புதிய மாணவர்களை ஒதுக்குவதில்லை என்ற நிபந்தனையும் அதில் இருக்க வேண்டும்.