அப்பாவின் வீட்டை அப்பா கட்டியபடி

அடையாறு காந்தி நகரில் அப்பா 1961-இல் கட்டிய வீட்டைக் கேட்டு பில்டர்கள் இன்னும் வருகிறார்கள். இடித்தால் நாலு ஃபிளாட், அதில் இரண்டு எங்களுக்கு. நானும் தம்பியும் மாட்டோம் என்று சொல்லிவிட்டோம். போன மாசியில் கொத்தனாரைக் கூப்பிட்டு, வீட்டை அப்பா கட்டியபடியே மீட்க ஆரம்பித்தோம்.

அதைக் கெடுத்தது நாங்கள்தான். முன் வராந்தாவை அலுமினியக் கதவு போட்டு அடைத்தோம். கிழக்குச் சுவரின் சிமெண்ட் ஜாலியைத் தூசி வருகிறதென்று செங்கல் வைத்துப் பூசினோம். ஃபால்ஸ் சீலிங் போட்டதில் மேலே இருந்த வென்டிலேட்டர்கள் மறைந்தன. அதன் பிறகுதான் வீடு வேகத் தொடங்கியது; ஒன்றாக இருந்த ஏ.சி. நாலானது.

ஜாலியைத் திறந்த அன்று பங்குனி வெயில். பன்னிரண்டரை மணிக்குக் கடற்காற்று உள்ளே வந்தது. கூடத்தைக் கடந்து, சூடான காற்றை மாடிப்படிக்கு மேலிருக்கும் வென்டிலேட்டர் வழியாக வெளியே தள்ளியது. எண்பத்தாறு வயது அம்மா நாற்காலியைத் தானே நகர்த்தி அந்த வழியில் போட்டு உட்கார்ந்துகொண்டார். அழகுக்கு வைத்ததென்று நாங்கள் நினைத்திருந்த ஜாலி, காற்றுக்கு வைத்த கணக்கு.

கூடத்தில் ஒட்டியிருந்த டைல்ஸை உளியால் தட்டிப் பெயர்த்தபோது அடியில் பழைய மொசைக். பச்சையும் கறுப்புமாகச் சலவைக்கல் சில்லுகள், நடுவே பித்தளைப் பட்டை. டைல்ஸ் ஒட்டிப் பிடிக்கட்டும் என்று அன்று கொத்திய குழிகளும் இருந்தன. அதே நிறச் சில்லு தேடி வாங்கி ஒவ்வொரு குழியாக அடைத்து பாலிஷ் போட ஒன்பது நாள் ஆனது. வராந்தா கம்பியின் வடிவத்தை அக்காவின் கல்யாண ஆல்பத்திலிருந்து எடுத்தோம்.

பழைய படத்தை வைத்து வீட்டை மீட்பது புதிதல்ல. அமெரிக்காவின் பாம் ஸ்பிரிங்ஸில் ரிச்சர்ட் நியூட்ரா 1946-இல் கட்டிய காஃப்மன் வீட்டைப் பின்னால் வந்தவர்கள் ஒட்டியும் அடைத்தும் உருமாற்றியிருந்தார்கள். 1990-களில் அதை மீட்டவர்கள், ஜூலியஸ் ஷுல்மன் 1947-இல் எடுத்த படங்களை ஆதாரமாகக் கொண்டார்கள். சுவர்க் கல்லின் நிறம் பொருந்த யூட்டாவில் ஒரு குவாரியின் மூடிக்கிடந்த பகுதியைத் திறக்க வைத்தார்கள். கொழும்பில் ஜெஃப்ரி பாவா கட்டிய ஈனா டி சில்வா வீட்டின் மனை கைமாறியபோது, கல்லுக்குக் கல் எண் போட்டுப் பிரித்து, பாவாவின் தோட்டமான லுணுகங்கையில் மறுபடி எழுப்பினார்கள்.

பழையபடி என்பதற்காக 1961-இன் ஒயரிங்கையும் வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. ஒயரிங், குழாய் எல்லாம் புதிது. சன்ஷேடில் துருப்பிடித்த கம்பியை வெட்டிவிட்டுப் புதுக்கம்பி கட்டினோம். அம்மா அறையில் ஒரு ஏ.சி. இருக்கிறது. ஆனால் மேற்குச் சன்ஷேடின் மூன்றடியில் ஓர் அங்குலமும் குறைக்கவில்லை.

மத்திய அரசின் 1958-ஆம் ஆண்டுத் தொல்சின்னச் சட்டம் ஒரு கட்டடத்தைக் காக்க 100 வயது கேட்கிறது. அறுபது வயது வீட்டுக்கு அதன் சொந்தக்காரரை விட்டால் காவலில்லை. சுதந்திரத்துக்குப் பின் எழுந்த வீடுகளிலும் தேர்ந்தெடுத்துப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்க வேண்டும். அதுவரை, அப்படி ஒரு வீடு உங்களுக்கு இருந்தால், பில்டரிடம் கையெழுத்துப் போடுமுன் பரணில் கிடக்கும் பிளானையும் கல்யாண ஆல்பத்தையும் எடுத்துப் பாருங்கள். கூடத்து மூலையில் ஒரே ஒரு டைலைப் பெயர்த்துப் பாருங்கள்.