புல்லட் பக்தர்களுக்கு ஒரு மறுப்பு

சிற்றிதழ் வாசகர்களிடையே விசித்திரமான ஓர் ஒருமனப்பாடு நிலவுகிறது. நெடும்பயணம் என்றால் புல்லட்; மற்றவை குமாஸ்தாக்களுக்கு உரியவை. இதை நாங்கள் முற்றாக மறுக்கிறோம்.

புல்லட்டுக்கு எதிரே ஹீரோ ஹோண்டாவின் கரிஸ்மாவை நிறுத்துகிறோம். 2003இல் வந்த வண்டி. 223 சிசி, ஒற்றை சிலிண்டர், சுமார் 17 குதிரைத்திறன். ஐரோப்பியச் சாலையில் இது சிறுவண்டிதான். ஆனால் 100 சிசியும், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற ஒற்றைக் கேள்வியும் ஆண்ட நாட்டில் இதுவே நடுத்தரம். (அக்கேள்வியை நம் வாயில் திணித்ததில் அதே நிறுவனத்தின் சிடி100க்குப் பெரும்பங்கு உண்டு என்பது வேறு கதை.)

நெல்லிக்குப்பத்திலிருந்து பண்ருட்டி வழியே நெய்வேலிக்குச் செல்லும் சாலையை எண்ணிப் பாருங்கள். ஆலைக்குக் கரும்பேற்றிய டிராக்டர்கள் வழியை அடைத்து ஊரும். பண்ருட்டியைத் தாண்டினால் முந்திரித் தோப்புகள். அங்கே வேண்டியது டிராக்டரை முந்த ஒரு கணத்து வேகம், பிறகு அதிராத ஓட்டம். கரிஸ்மாவின் ஃபேரிங் வண்டியின் சட்டத்தோடு பிணைந்தது, கைப்பிடியோடு திரும்பாது. எதிர்க்காற்று மார்பில் அறைவதை ஓரளவு தடுக்கும். கைப்பிடியும் பந்தய வண்டியினுடையதுபோல் தாழ்ந்து மணிக்கட்டை ஒடிப்பதில்லை. 15 லிட்டர் டாங்க்; லிட்டருக்கு 35 கிலோமீட்டர் என்று கஞ்சத்தனமாகக் கணக்கிட்டாலும் 500 கிலோமீட்டரைத் தாண்டும்.

புல்லட் தருவது என்ன? ஒலி. தெருவில் வருபவர் யாரென்று வீட்டுக்குள் இருப்பவருக்கும் அறிவிக்கும் ஒலி. நம் ஊர்களில் அப்படி அறிவித்துக்கொள்ளும் உரிமை யாரிடம் இருந்தது என்பதை இலக்கியவாதிகளுக்கு நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. பண்ணையாரும் காவல் ஆய்வாளரும் ஏறிய வண்டியின் தடதடப்பு கவித்துவமாம். சுரங்கத் தொழிலாளி ஷிப்ட் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கும் சத்தமில்லாத ஜப்பானிய எஞ்சின் நுகர்வு மோகமாம். இந்த ரசனையின் அடியில் கிடப்பது என்ன என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

அந்நியச் சரக்கு என்ற வாதமும் நிற்காது. 1955இல் சென்னையில் பூட்டத் தொடங்கிய புல்லட்டின் வடிவம் இங்கிலாந்திலிருந்து வந்தது.

ஹோண்டா பிரிந்துபோன பின் 2014இல் வந்த கரிஸ்மாவின் முகத்தை நாங்கள் காக்கப் போவதில்லை. 2023இன் எக்ஸ்எம்ஆர் 210 சிசி, திரவத்தால் குளிர்வது, பெயர்தான் பழையது. எங்கள் பேச்சு முதல் வண்டியைப் பற்றியது.

புல்லட் பக்தர்கள் எதிர்வினை எழுதட்டும். ஒலியைத் தவிர வேறொரு காரணத்தோடு எழுதட்டும்.