வடியில் தங்கும் சக்கை

மார்கழி மாதம் மொறோக்கோவிலிருந்து கிளெமென்டைன் பழங்கள் பெட்டி பெட்டியாக மொன்றியலுக்கு வந்து இறங்கும். ஜோன்-தலோன் சந்தையிலோ பார்க் எக்ஸ்டென்சன் கடைகளிலோ ஒரு பெட்டி வாங்கினால் பாதியை உரித்துச் சாப்பிடுவோம். மீதியை பிளெண்டரில் அடித்து, தேத்தண்ணி வடியில் ஊற்றிக் கரண்டியால் அழுத்திச் சாறெடுப்போம். பெருந்தொகை கொடுத்து ஜூஸ் மெசின் வாங்காமல் இருப்பது நல்ல சிக்கனம்தான். வடியில் தங்கும் சக்கையைக் குப்பையில் கொட்டுவதுதான் எமது கவலை.

பழத்தின் நார்ச்சத்தில் பெரும்பகுதி அந்தச் சக்கையோடு போய்விடுகிறது. ஒரு கோப்பை (250 மி.லி.) தோடம்பழச் சாற்றுக்கு மூன்று பழமாவது வேண்டும். அதில் ஏறத்தாழ 20 கிராம் சீனி, அதாவது ஐந்து தேக்கரண்டி. மூன்று பழங்களை ஒரே இருப்பில் உரித்துச் சாப்பிடுகிறவர் எம்மில் எத்தனை பேர்? சாறாக என்றால் ஒரு மடக்கில் முடிந்துவிடும். இரத்தத்தில் சீனியும் அதே வேகத்தில் ஏறும். "நாங்கள் சீனி போடவில்லையே" என்பது பதிலாகாது. உலக சுகாதார நிறுவனம் 2015 இல் வெளியிட்ட வழிகாட்டலில் பழச்சாற்றின் இயற்கைச் சீனியையும் குறைக்க வேண்டிய சீனிகளோடுதான் சேர்த்திருக்கிறது. கனடாவின் 2007 உணவு வழிகாட்டி அரைக் கோப்பை சாற்றை ஒரு பங்கு பழமாகக் கணக்கிட்டது. 2019 இல் வந்த புதிய வழிகாட்டி அதை நீக்கி, தாகத்துக்குத் தண்ணீரையே குடிக்கச் சொன்னது.

தெற்காசியரான எமக்கு நீரிழிவு வரும் அபாயம் அதிகம். ஆனாலும் வீட்டுக்கு வரும் மாமாவுக்கு "தேத்தண்ணிதானே கூடாது, இது பழம்தானே" என்று ஒரு பெரிய கிளாஸை நீட்டுகிறோம். அவரும் மறுக்கக் கூச்சப்பட்டுக் குடிக்கிறார். இந்த உபசாரம் மாற வேண்டும் என்பது எமது அபிப்பிராயம். பழத்தை வெட்டித் தட்டில் வைத்தால் மரியாதை குறைந்துவிடாது.

அப்படியானால் வடி வேண்டாமா? வேண்டும், விதைக்கு. கொடித்தோடையின் உட்பகுதியை வடியில் இட்டு, சிறிது தண்ணீர் விட்டுக் கரண்டியால் கலக்கினால் விதை நிற்கும், சாறு இறங்கும். (புளிக்கிறதென்று நாலு கரண்டி சீனி போடுவது வேறு கதை.) தோடம்பழத்துக்கு விதையை முதலே எடுத்துவிட்டால் வடியே தேவையில்லை, சதையோடு அரைக் கோப்பை போதும். பழங்களை வெட்டமுன் நன்றாகக் கழுவுங்கள், சாற்றை உடனே குடியுங்கள்.

ஒரு விதிவிலக்கையும் சொல்ல வேண்டும். இன்சுலின் எடுப்பவருக்குச் சீனி திடீரென இறங்கி வியர்த்து நடுங்கினால், அப்போது வடித்த சாறுதான் உதவும். முக்கால் கோப்பைக்குச் சற்றுக் குறைவாக, 150 மி.லி. கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சீனியைச் சோதியுங்கள்.