கொள்ளாம்

மலையாளத்தில் 'கொள்ளாம்' என்று ஒரு சொல் உண்டு. திருவனந்தபுரத்தில் பத்து நாள் தங்கியவருக்கும் அது பழகிவிடும். பாயசம் கொள்ளாம், சட்டை கொள்ளாம், புது மாப்பிள்ளை கொள்ளாம். 'நன்றாக இருக்கிறது' என்று பொருள். சற்றே இழுத்துச் சொன்னால் 'பரவாயில்லை' ஆகிவிடும். இன்னும் கொஞ்சம் இழுத்தால் கேலி. எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை முதல் நான்கு மாதம் நடத்தி வந்ததும் இந்தச் சொல்தான். கிட்டத்தட்டக் கலைத்துவிட இருந்ததும் இதுதான்.

கூட்டம் என்பது பெரிய வார்த்தை. மொத்தம் பதினோரு பேர். ஒரு நர்ஸ், ஒரு வங்கி அதிகாரி, ஒரு பொறியியல் மாணவி, விண்வெளி மையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், சாலைக் கடைத்தெருவில் நாற்பது வருடம் பலசரக்குக் கடை நடத்தி, அதை மகனிடம் ஒப்படைத்துவிட்டுக் கேமராவைக் கையில் எடுத்த ஓர் அண்ணாச்சி, இப்படி. எழுத்தாளர் ஆ. மாதவனின் கதைகளில் தமிழ் வாசகர்கள் பார்த்திருக்கும் அதே சாலைத் தெருதான். எங்களில் பாதிப்பேர் தமிழர்கள். மீதிப்பேர் சினிமா பார்த்தே தமிழ் கற்ற மலையாளிகள்.

ஏற்பாடு எளியது. ஒரு பிஸ்கட் டின்னில் மடித்த சீட்டுகள். வாரம் ஒன்றை எடுப்போம். 'வாசல்', 'காத்திருப்பு', 'சிவப்பு' என்று ஏதாவது ஒரு தலைப்பு வரும். அடுத்த ஞாயிறு அந்தத் தலைப்புக்கென்று எடுத்த ஒரே ஒரு படத்தைத் தபால் அட்டை அளவில் பிரிண்ட் போட்டுக் கொண்டுவர வேண்டும். எல்லாவற்றையும் மேஜையில் பரப்பிவைத்துப் பேச வேண்டும்.

படம் எடுப்பதில் யாருக்கும் சிரமம் இருக்கவில்லை. பேசுவதில்தான் இருந்தது. ஒருவர் படத்தை வைப்பார். மற்றவர்கள் குனிந்து பார்ப்பார்கள். 'கொள்ளாம்' என்பார் ஒருவர். 'நல்லா இருக்கு' என்பார் இன்னொருவர். அவ்வளவுதான், அடுத்த படம். இது மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். உண்மையில் அது ஒரு கொடுக்கல் வாங்கல். உன் படத்தை நான் ஒன்றும் சொல்லவில்லை, என் படத்தை நீ ஒன்றும் சொல்லாதே.

விண்வெளி மையத்து நண்பருக்கு இது அலுத்துவிட்டது. கணக்கு மனிதர். மதிப்பெண் போடலாம் என்றார். சில வாரம் போட்டோம். 7.5 என்பார். ஏன் 8 இல்லை என்று கேட்டால் புன்னகைதான் பதில். ஒருநாள் மாணவியின் படத்தைப் பற்றி அவர் விரிவாகவே பேசினார். கடைசியில் 6 என்றார். வீடு திரும்பும்போது அவளிடம், 'அவர் என்ன சொன்னார்?' என்று கேட்டேன். 'ஆறு' என்றாள். பேசியதெல்லாம் போயிற்று, எண் மட்டும் நின்றது. இது அவள் குற்றமல்ல. 1988ல் ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் இஸ்ரேல் பள்ளி மாணவர்களிடம் இதையே பார்த்தார். கருத்து மட்டும் எழுதித் தரப்பட்ட பிள்ளைகள் வேலையில் முன்னேறினார்கள். கருத்தோடு மதிப்பெண்ணையும் சேர்த்துத் தந்தபோது கருத்தின் பயன் பெரும்பாலும் காணாமல் போயிற்று.

பாராட்டும் உதவவில்லை, மதிப்பெண்ணும் உதவவில்லை என்றால் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட வேண்டியதுதானே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அதை நான் பரீட்சித்துப் பார்த்தது அண்ணாச்சியிடம்.

இடவப்பாதி மழை கொட்டிய ஒரு ஜூன் மாதம். தலைப்பும் 'மழை'. அண்ணாச்சி தம்பானூர் பஸ் நிலையத்துக்கு முன்னால் முழங்கால் அளவு தண்ணீரில் ஜனங்கள் நடக்கும் படத்தைக் கொண்டுவந்திருந்தார். தம்பானூரில் தண்ணீர் தேங்குவது திருவனந்தபுரத்தில் ஒரு செய்தியே அல்ல. 'அண்ணாச்சி, இது வருஷா வருஷம் பேப்பர்ல வர்ற படமாச்சே' என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணாச்சியும் சிரித்தார். படத்தை எடுத்துத் துணிப்பையில் வைத்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. கடையில் ஆள் இல்லை என்று சொல்லி அனுப்பினார். மகன் கடையைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கி இரண்டு வருடம் ஆகிவிட்டது என்பது எங்களுக்குத் தெரியும்.

நான் சொன்னது பொய்யல்ல. அதுதான் என்னை உறுத்தியது. உண்மையைச் சொல்லியும் ஒரு மனிதரை விரட்ட முடிகிறதே.

யோசித்துப் பார்த்தால், படத்தைப் பற்றிப் பேசும் வழக்கம் நம்மிடம் இரண்டு இடங்களிலிருந்து வந்திருக்கிறது. ஒன்று ஸ்டூடியோ. ஃபிலிம் காலத்தில் நம் படத்தை முதலில் பார்த்து அபிப்பிராயம் சொன்னவர் ஸ்டூடியோக்காரர்தான். 1959ல் சிவன் இந்த ஊரில் ஸ்டூடியோ தொடங்கினார். 'செம்மீன்' படத்தின் ஸ்டில்களை எடுத்தவர், சந்தோஷ் சிவனின் தந்தை. அந்தத் தலைமுறை ஸ்டூடியோக்காரர்கள் உபதேசம் செய்யமாட்டார்கள். 'தலை வெட்டுப்பட்டிருக்கு', 'கை ஆடியிருக்கு' என்று ஒரு வரி. ஆனால் அந்த வரி படத்தைப் பற்றியதாக இருக்கும். அடுத்த ரோலில் தலை வெட்டுப்படாது.

இன்னொன்று போட்டி. சென்னையில் 1857லேயே ஒரு புகைப்படச் சங்கம் உருவாகிவிட்டது. அதற்கும் முன்னால், 1855ல் நடந்த மதராஸ் பொருட்காட்சியில் லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி பேலூர், ஹளேபீடு கோயில் படங்களுக்குப் பதக்கம் வாங்கினார். பின்னாளில் மதுரையையும் தஞ்சாவூரையும் படம் பிடித்தவர் அவர்தான். 1953ல் இந்தியப் புகைப்படக் கூட்டமைப்பு வந்தது. ஊருக்கு ஊர் சலான்கள் எனப்படும் போட்டிக் கண்காட்சிகள் பெருகின. பெரும்பாலும் மூன்று நடுவர்கள். ஒரு படத்துக்குச் சில வினாடிகள். மதிப்பெண். தேர்வு அல்லது நிராகரிப்பு. ஆயிரக்கணக்கில் வரும் படங்களுக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் அது தீர்ப்பு. தீர்ப்புக்குக் காரணம் கேட்கும் வழக்கமில்லை. நாங்கள் எங்கள் வீட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தும் நடுவர்களாகவே இருந்தோம் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

உறைத்தது செப்டம்பரில்.

பத்மநாபசுவாமி கோயிலின் கிழக்குக் கோபுரத்தில் ஓர் அதிசயம் உண்டு. இரவும் பகலும் சமமாகும் நாட்களில், மார்ச் 20, 21 வாக்கிலும் செப்டம்பர் 22, 23 வாக்கிலும், மாலைச் சூரியன் கோபுரத்தின் நிலை வாசல்கள் வழியே ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும். மேல் வாசலில் தோன்றி மறைந்து, சில நிமிடம் கழித்து அடுத்த வாசலில் தோன்றும். கேமரா வைத்திருப்பவர்கள் எல்லோரும் அன்று கிழக்கேகோட்டையில் இருப்பார்கள். அந்த வாரம் எங்கள் சீட்டில் வந்தது 'ஒளி'. பிறகு கேட்க வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமை ஒன்பது பேர் வந்தோம். ஒன்பது பேரும் அதே கோபுரம், அதே சூரியன்.

மேஜையில் வரிசையாக வைத்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். யாரிடம் 'கொள்ளாம்' என்பது? ஒன்றைச் சொன்னால் ஒன்பதையும் சொல்ல வேண்டும். முதலில் வாய் திறந்தவர் நர்ஸ்தான். 'இதுல சூரியன் வாசலை முழுசா அடைச்சு நிக்குது. இதுல பாதிதான் தெரியுது. பாதி தெரியறதுதான் எனக்கு இறங்கற மாதிரி இருக்கு' என்றார். மாணவி இன்னொன்றைக் காட்டினாள். ஒரு படத்தில் கோபுரம் கரியாக இருக்க, சூரியன் மட்டும் ஆரஞ்சு வட்டமாக நின்றது. மற்றொன்றில் கோபுரத்துச் சிற்பங்கள் தெரிந்தன. ஆனால் சூரியன் வெளுத்துத் திட்டாகிவிட்டது. இரண்டையும் ஒரே படத்தில் பிடிப்பது கஷ்டம். ஏதாவது ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றாள்.

வங்கி அதிகாரியின் படத்தில் மட்டும் சூரியன் ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று யாரோ கேட்டார்கள். விண்வெளி மையத்து நண்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார். 'அவர் தெருவில் ரொம்பத் தள்ளி நின்று பெரிய லென்ஸில் எடுத்திருக்கிறார். நாம் தள்ளிப் போகப் போகக் கோபுர வாசல் சிறுத்துக்கொண்டே போகும். சூரியன் சிறுக்காது, அது எங்கே நின்று பார்த்தாலும் ஒரே அளவுதான்' என்றார். நான்கு மாதத்தில் அவர் மதிப்பெண் போடாமல் பேசியது அதுதான் முதல் தடவை. அவ்வளவு சந்தோஷமாக அவர் பேசி நான் பார்த்ததும் இல்லை.

வாரத்துக்கு ஒரு தலைப்பு எதற்கு என்பது அன்று புரிந்தது. யோசனை தோன்றுவதற்காக என்று நினைத்திருந்தோம். அது ஒரு பகுதிதான். எல்லோரும் ஒரே கேள்விக்குப் பதில் எழுதினால், கேள்வியைப் பாராட்டிவிட்டுத் தப்பிக்க முடியாது. கோயில் அழகு, குழந்தை அழகு என்று சொல்லி முடிக்க முடியாது. எடுத்தவர் எங்கே நின்றார், எப்போது அழுத்தினார், எதை விட்டார் என்றுதான் பேசியாக வேண்டும். அந்தப் பேச்சு ஆளை விட்டுவிட்டுப் படத்தைப் பிடித்துக்கொள்கிறது.

விமரிசனம் தானாகவே நன்மை செய்துவிடும் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் குறைவு. ஆவ்ரஹாம் க்ளூகர், ஆஞ்சலோ டெனிஸி என்ற இருவர் 1996ல் பழைய ஆய்வுகளைத் திரட்டி 607 முடிவுகளை அலசினார்கள். சராசரியில் பலன் இருந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவற்றில், 'உன் வேலை இப்படி இருக்கிறது' என்று சொன்னபிறகு வேலை முன்னைவிட மோசமாயிருந்தது. பேச்சு வேலையிலிருந்து நழுவி ஆளின் மேல் விழும்போது பலன் குறைகிறது என்பது அவர்கள் சொன்ன விளக்கம். நான் அண்ணாச்சியிடம் பேசியது அவருடைய படத்தைப் பற்றி அல்ல. அவருக்குப் புதிதாக ஒன்றும் தோன்றவில்லை என்பதைப் பற்றி.

இப்போது எங்களுக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. லிஸ் லெர்மன் என்ற அமெரிக்க நடனக் கலைஞர் 1990ல் வகுத்த முறை. மாணவி எங்கோ படித்துச் சொன்னாள். முதலில் பார்ப்பவர்கள் தங்கள் கண்ணில் என்ன பட்டது, எது நின்றது என்று மட்டும் சொல்ல வேண்டும். இரண்டாவது, எடுத்தவர் தனக்கு வேண்டிய கேள்வியைக் கேட்க வேண்டும். மூன்றாவது, பார்ப்பவர்கள் உள்ளர்த்தம் வைக்காமல் சந்தேகம் கேட்கலாம். 'ஏன் இப்படி இருட்டா எடுத்தீங்க?' என்பது கேள்வியல்ல, திட்டு. 'எந்த இடத்துக்கு வெளிச்சம் வைத்தீர்கள்?' என்பது கேள்வி. கடைசியாகத்தான் அபிப்பிராயம். அதையும், 'வெளிச்சத்தைப் பற்றி ஒன்று தோன்றுகிறது, சொல்லலாமா?' என்று கேட்டுவிட்டுச் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று சொல்லவும் எடுத்தவருக்கு உரிமை உண்டு.

வாங்கிக்கொள்பவருக்கும் ஒரு வேலை இருக்கிறது. முதல் சுற்று முடியும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பது. இதுதான் எல்லாவற்றிலும் கடினம். 'அப்ப மழை வந்துடுச்சு', 'பக்கத்துல போலீஸ்காரர் நின்னார்' என்று விளக்கம் சொல்ல நாக்கு துடிக்கும். ஆனால் நாம் நின்ற இடம் பார்ப்பவருக்குத் தெரியாது. படம் மட்டும்தான் தெரியும். படத்துக்கு வெளியே நடந்ததைச் சொல்லத் தொடங்கிவிட்டால், படத்தில் என்ன விழுந்தது என்று கேட்கும் வாய்ப்பு போய்விடும்.

அந்த நவராத்திரியில் கோட்டைக்குள் நவராத்திரி மண்டபக் கச்சேரிக்குப் போயிருந்தேன். அங்கே கைதட்டக் கூடாது என்பது மரபு. ராகம் முடிந்ததும் ஒரு நிசப்தம். முதலில் சங்கடமாக இருந்தது. பிறகு, கேட்பதைத் தவிர வேறு வேலை இல்லை என்றதும் காது கூர்மையானது. அண்ணாச்சியின் படத்தை நான் எத்தனை வினாடி பார்த்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் சாலைக்குப் போனேன். கடைக்குப் பின்புறம் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். 'அண்ணாச்சி, அந்த மழைப் படத்தை இன்னொரு தடவை காட்டுங்க' என்றேன். 'அதுல என்ன தம்பி இருக்கு' என்றார். ஆனால் எடுத்துவந்தார். இந்தத் தடவை நிதானமாகப் பார்த்தேன். நடுவில் ஒரு பெண், ஒரு கையில் செருப்பு, தலைமேல் குழந்தையின் பள்ளிக்கூடப் பை. பை நனையவில்லை, அவள் முழுக்க நனைந்திருந்தாள். அதைச் சொன்னேன். அவளைச் சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் கீழே பார்த்து நடக்க, அவள் மட்டும் நேரே பார்க்கிறாள் என்றும் சொன்னேன்.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, 'ஒண்ணு கேக்கணும்னுதான் தம்பி அன்னைக்குக் கொண்டாந்தேன்' என்றார். 'அவ்வளவு மழை பெய்யுது. படத்துல ஒரு சொட்டுகூடத் தெரியலை. அது ஏன்?'

ஜூன் மாதம் கொண்டுவந்த கேள்வி. நாங்கள் சிரித்த சிரிப்பில் அது பைக்குள்ளேயே திரும்பிப் போயிருந்தது.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஷட்டர் 1/500 வினாடியில் திறந்து மூடினால் துளிகள் உறைந்து, கண்ணுக்குத் தெரியாத புள்ளிகளாகிவிடும். 1/60, 1/30 என்று நீட்டினால் ஒவ்வொரு துளியும் ஒரு கோடாக இழுபடும். பின்னால் இருட்டான சுவரோ மரமோ இருந்தால்தான் அந்தக் கோடும் தெரியும். வெள்ளை வானத்துக்கு எதிரே தெரியாது. அண்ணாச்சி ஒரு பில் தாளின் பின்புறத்தில் எண்களைக் குறித்துக்கொண்டார்.

துலாவர்ஷம் தொடங்கிய பிறகு ஒரு ஞாயிறு வந்தார். கையில் புதுப் படம். அதே தம்பானூர், இந்தத் தடவை சாயங்கால இருட்டு. மழை, நூல் நூலாகத் தெரிந்தது. முதல் சுற்றில் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். அண்ணாச்சி வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டார். தன் முறை வந்ததும் பழைய படத்தையும் பையிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

'இதுல ஆளு தெளிவா இருக்கு, மழையைக் காணோம். இதுல மழை இருக்கு, நடக்கிற ஆளு எல்லாம் கலைஞ்சு போச்சு. ரெண்டும் வேணும்னா என்ன செய்ய?'

நிற்கும் ஆளை எடுங்கள் என்றார் ஒருவர். ஃபிளாஷ் என்றார் இன்னொருவர். நடக்கிறவர் நின்றுவிட்டால் பிறகு அந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்று நர்ஸ் சண்டைக்கு வந்தார். அரைமணி நேரம் ஆயிற்று. அன்றைக்கு யாரும் 'கொள்ளாம்' என்று சொல்லவில்லை. சொல்ல ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை.