கழுவெளியில் கட்டுச்சோறு

கார்த்திகை முடியும்போது விழுப்புரம் மாவட்டத்து ஏரிகள் ததும்பி நிற்கும். வலசைப் பறவைகளைப் பார்க்க வேண்டும் என்று குழந்தைகளை அழைத்துக்கொண்டு அப்போது கிளம்புகிறவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம் காத்திருக்கும். கரை தொட்ட தண்ணீர், நடுவில் சில நாமக்கோழிகள், முங்கி எழும் இரண்டு நீர்க்காகங்கள். அவ்வளவுதான். “இவ்வளவு தண்ணீர் இருக்கு, பறவை எங்கேப்பா?” என்று பிள்ளைகள் கேட்பார்கள்.

பதில் எளிது. தண்ணீர் அதிகமாக இருக்கிறது, அதனால்தான் பறவை குறைவாக இருக்கிறது. அதே இடத்துக்குத் தை கடைசியிலோ மாசியிலோ போனால், ஏரி பாதி வற்றி, ஓரமெல்லாம் சேறாகி, பார்க்கவே பரிதாபமாக இருக்கும். பறவைகளுக்கோ அதுதான் பந்தி விரித்த நேரம்.

ஏரிகள் எல்லாம் போய்ச் சேரும் இடம்

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் கழுவெளிக்குப் போக வேண்டும். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் சுமார் 35 கிலோமீட்டர். அங்கிருந்து தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு மேற்கில் விரிந்து கிடக்கிறது இந்தச் சதுப்பு நிலம். மரக்காணம், வானூர் வட்டங்களில் 5,151.6 ஹெக்டேர் பரப்பு. வேடந்தாங்கல் ஏரி சுமார் 30 ஹெக்டேர்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் அளவு புரியும்.

சுற்றுவட்டாரத்து ஏரிகள் ஒன்று நிரம்பி, கலங்கல் வழியாக அடுத்ததற்கு வழிந்து, சங்கிலி போல நீர் கடைசியில் கழுவெளிக்கு வந்து சேருகிறது. இங்கிருந்து உப்புக்கல்லி ஓடை வழியாக எடையந்திட்டு கழிமுகத்துக்கும், அதன் வழியே வங்கக் கடலுக்கும் போகிறது. மழைக்காலத்தில் நன்னீர் மேலோங்கும். வெயில் ஏற ஏற, கடல்நீர் எட்டும் பக்கம் உவர்ப்பு கூடும். ஒரு பக்கம் சம்பும் கோரையும், இன்னொரு பக்கம் அலையாத்திச் செடிகள், அதற்கும் அப்பால் மரக்காணத்து உப்பளங்கள். ஒரே இடத்தில் நான்கு விதமான சமையல் நடக்கிற மாதிரி.

2021 டிசம்பரில் தமிழக அரசு இதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024 ஆகஸ்ட்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் தலங்களின் பட்டியலிலும் இடம் கிடைத்தது. மரக்காணத்தில் 25 கோடி ரூபாயில் பன்னாட்டுப் பறவைகள் மையம் அமைக்கப்படும் என்று 2023-ம் ஆண்டு மாநில பட்ஜெட்டில் அறிவிப்பும் வந்தது.

எது உள்ளூர், எது வெளியூர்?

ஏரியில் பெரிய வெள்ளைப் பறவை நின்றால், “சைபீரியாவிலிருந்து வந்தது” என்று சொல்லிவிடுவது நம் வழக்கம். பெரும்பாலும் தவறு. வாய்க்குக் கீழே பை தொங்கும் கூழைக்கடா, இளஞ்சிவப்பு இறகு கொண்ட மஞ்சள்மூக்கு நாரை, அலகின் நடுவே இடைவெளி தெரியும் நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன் எல்லாமே நம் நாட்டுப் பறவைகள். வேடந்தாங்கல் மரங்களிலேயே கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பவை. நீர் இருக்கும் இடத்துக்கு மாறி மாறிப் போகும், அவ்வளவே. கூட்டமாக நின்று அழகு காட்டும் பூநாரைகூட இந்தியாவில் முக்கியமாகக் கூடு கட்டுவது குஜராத்தின் கட்ச் உவர்நிலத்தில்.

உண்மையான தூர தேசத்து விருந்தாளிகள் கண்ணில் படாத சின்ன உருவங்கள்தாம். சேற்றின் நிறத்திலேயே, குனிந்த தலை நிமிராமல் ஓடிக்கொண்டிருக்கும் கொசு உள்ளானைப் பாருங்கள். எடை 25 கிராம் அளவுதான், அதாவது இரண்டு மேசைக்கரண்டிச் சர்க்கரை. அது பிறந்த இடம் வட துருவத்தை ஒட்டிய, மரமே முளைக்காத பனிச்சமவெளி. பொறி உள்ளான் வடக்கு ஐரோப்பா, சைபீரியா பக்கத்து ஈரக்காடுகளிலிருந்து வருகிறது. ஊசிவால் வாத்து, நீலச்சிறகு வாத்து, மண்வெட்டி போன்ற அலகுடைய தட்டைவாயன் எல்லாம் இமயத்துக்கு வடக்கே இருந்து வருபவை. கோரைக்கு மேலே தாழப் பறந்து இரை தேடும் சேற்றுப் பூனைப்பருந்தும் அப்படித்தான். மத்திய ஆசிய வலசைப் பாதை எனப்படும் வான்வழியில் இவற்றுக்கெல்லாம் கழுவெளி ஒரு முக்கிய நிறுத்தம்.

விரற்கடை, சாண், முழம்

இவ்வளவு பறவைகளும் ஒரே ஏரியில் சண்டையில்லாமல் சாப்பிடுவது எப்படி? ரகசியம் காலிலும் அலகிலும் இருக்கிறது.

கொசு உள்ளானுக்குத் தண்ணீரே வேண்டாம், ஈரச் சேறு போதும். பொறி உள்ளான் இரண்டு மூன்று விரற்கடை நீரில் இறங்கும். நீண்ட நேரான அலகு கொண்ட கருவால் மூக்கன் அரை சாண் ஆழத்தில் நின்று, சேற்றுக்குள் அலகைச் செருகிப் புழுவை எடுக்கும். சிவப்புக் குச்சி போன்ற காலுடைய நெடுங்கால் உள்ளானுக்கு ஒரு சாண் வரை சம்மதம். வாத்துகள் வாலை வானத்துக்குக் காட்டித் தலைகீழாகக் கவிழ்ந்து, அடியில் கிடக்கும் விதையையும் கிழங்கையும் தின்னும். கழுத்து எட்டுகிற ஆழம் வரைதான் அது முடியும், ஒரு முழத்துக்கு மேல் போனால் கஷ்டம். பூநாரை இன்னும் கொஞ்சம் ஆழத்தில் நின்று, அலகைத் தலைகீழாக நீரில் வைத்துச் சல்லடை போல அலசும்.

ஆக, ஏரி ஆள் மட்டத்துக்கு நிறைந்திருந்தால் இவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் சாப்பாடு கிடையாது. நீர் மெல்ல மெல்லப் பின்வாங்கும்போதுதான் தினமும் ஒரு புதிய ஓரம் திறக்கிறது. இன்று வாத்து மேய்ந்த இடம் பத்து நாளில் நெடுங்கால் உள்ளானுக்கு, அடுத்த பத்து நாளில் கொசு உள்ளானுக்கு. கல்யாண வீட்டில் பந்தி மாறுவது போல.

இந்தப் பந்தி முக்கியமான ஒரு நேரத்தில் நடக்கிறது. மாசி, பங்குனியில் இவை திரும்பிப் போக வேண்டும். பல ஆயிரம் கிலோமீட்டர் பறக்கத் தேவையான கொழுப்பை அதற்குள் உடம்பில் ஏற்றியாக வேண்டும். நம் பெரியவர்கள் பயணத்துக்குக் கட்டுச்சோறு கட்டுவது போல, இந்தப் பறவைகள் அதை உடம்புக்குள்ளேயே கட்டிக்கொள்கின்றன. வற்றும் ஏரியின் சேறுதான் அந்தக் கட்டுச்சோறு. அது கிடைக்காத பறவை ஊர் போய்ச் சேருவது சந்தேகம். போனாலும் கூடு கட்டிக் குஞ்சு வளர்க்கத் தெம்பு இருக்காது.

“சும்மா கிடக்கிற நிலம்”

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. நடு ஏரியை யாரும் எளிதில் ஆக்கிரமிக்க முடியாது. ஆக்கிரமிப்பு தொடங்குவது ஓரத்தில், அதாவது பறவைகளின் பந்தியில். வருடத்தில் சில மாதங்கள் காய்ந்து கிடப்பதால் “சும்மா கிடக்கிற நிலம்” என்று பெயர் வந்துவிடுகிறது. முதலில் ஒரு வரப்பு. பிறகு இறால் குட்டை. அந்தக் குட்டையின் நீர் ஒரே ஆழத்தில் நிற்கும், சரிவே இருக்காது. உள்ளானுக்கு அங்கே வேலையில்லை.

நல்ல எண்ணத்தில் செய்யும் வேலைகளும் இதே வினையைச் செய்வதுண்டு. ஏரியை அழகுபடுத்துகிறோம் என்று கரையைச் செங்குத்தாக வெட்டி, கல் பதித்து, நடைபாதை போட்டால் மனிதர்களுக்குக் காற்று வாங்க வசதி. ஆனால் விரற்கடையும் சாணும் காணாமல்போய் நேரே ஆள் ஆழம் வந்துவிடும். தூர்வாருவது தவறே இல்லை. நீர் தேங்கினால்தான் நிலத்தடியில் ஊறும், கிணற்றுக்குள் உப்பு ஏறாமல் இருக்கும். கடலோரத்து விவசாயிக்கு அதன் அருமை தெரியும். நடுவில் ஆழப்படுத்தி, ஒரு பக்கத்து ஓரத்தையாவது சரிவாகவே விட்டுவைத்தால் விவசாயிக்கும் பறவைக்கும் சேர்த்தே நீர் கிடைக்கும்.

இன்னொரு ஆபத்து நேரடியானது. கண்ணி, வலை, விஷம் கலந்த நெல். கழுவெளியைச் சுற்றி இதெல்லாம் நடந்து செய்தியாகியிருக்கிறது. 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இது குற்றம். விஷம் தின்ற பறவையின் கறி, அதை வாங்கிச் சமைக்கும் வீட்டுக்கும் ஆபத்து. சாலையோரத்தில் காட்டு வாத்தோ கொக்கோ விற்றால் வாங்காமல் இருப்பது சட்டத்துக்காக மட்டுமல்ல, வயிற்றுக்காகவும்தான்.

மனிதர்களுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் வெள்ளம் பரந்து நிற்க இடம் வேண்டும். உள்ளான் ஓடும் அதே தாழ்வான ஓரம்தான் அந்த இடம். அங்கே வரப்பும் சுவரும் வந்துவிட்டால் தண்ணீர் ஊரைத்தான் தேடி வரும்.

225 வருடத்துக்கு முந்தைய பாடம்

ஊர்க்காரர்கள் மனது வைத்தால் என்ன நடக்கும் என்பதற்குத் திண்டிவனத்துக்கு வடக்கே, சென்னை நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் வேடந்தாங்கலே சாட்சி. அந்த ஏரியில் பறவைகளை ஆங்கிலேயச் சிப்பாய்கள் சுட்டபோது, கிராமத்து மக்கள் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸிடம் முறையிட்டார்கள். 1798-ல் பறவைகளைப் பாதுகாக்கும் உரிமையை எழுத்து மூலமாகவே வாங்கினார்கள். வெறும் இரக்கத்தால் அல்ல. பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சரணாலயம் என்ற பலகை வருவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முன்பே, காவல் வந்துவிட்டது.

கழுவெளியில் நடந்திருப்பது இதற்கு நேர்மாறு. பலகை முதலில் வந்துவிட்டது. காவல் இனிமேல்தான் ஊருக்குள்ளிருந்து வர வேண்டும்.

வீட்டு வாசலிலேயே தொடங்கலாம்

கழுவெளி வரை போக முடியாதவர்கள் மின்கம்பியை அண்ணாந்து பார்க்கலாம். குளிர்காலத்தில் பிளவுபட்ட வாலோடு வரிசையாக உட்காரும் தகைவிலான்கள் தூரத்திலிருந்து வந்தவை. வயல் வரப்பில் வாலை ஆட்டிக்கொண்டே நடக்கும் மஞ்சள் வாலாட்டி, சாயங்காலம் ஆலமரத்தில் கூச்சலோடு அடையும் கறுப்பும் ரோஜா நிறமுமான சோளப்பட்சி, இலைச்சருகு கிடக்கும் தோட்டத்தில் காலையிலும் மாலையிலும் ஆறு மணி வாக்கில் விசிலடிக்கும் ஆறுமணிக் குருவி எல்லாம் விழுப்புரத்து வீதிகளுக்கே வரக்கூடியவை.

ஒரு நாள் ஒதுக்க முடிந்தவர்களுக்கு மரக்காணம் உப்பளங்களின் ஓரம், புதுச்சேரியும் வானூர் வட்டமும் பங்கிட்டுக்கொள்ளும் ஊசுட்டேரி, விக்கிரவாண்டி பக்கத்து வீடூர் அணை என்று இடங்கள் இருக்கின்றன. ஜனவரி முதல் மார்ச் தொடக்கம் வரை நல்ல காலம். காலை ஆறரைக்குள் போய்விடுங்கள். வெயில் ஏறினால் கானல் அசைவில் எதுவும் தெளிவாகத் தெரியாது. சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். ஒரு நல்ல போட்டோவுக்காகக் கூட்டத்தை விரட்டிப் பறக்கவிடாதீர்கள். ஒவ்வொரு முறை எழுந்து பறக்கும்போதும் சேர்த்த கட்டுச்சோற்றில் ஒரு கவளம் குறைகிறது. டிரோன் வேண்டவே வேண்டாம்.

பார்த்ததை எழுதியும் வையுங்கள். தமிழகப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். மொட்டை மாடியோ ஏரிக்கரையோ, குறைந்தது 15 நிமிடம் ஒரே இடத்தில் நின்று, என்னென்ன பறவை, எத்தனை என்று எண்ணி இ-பேர்ட் தளத்தில் ஏற்றினால் போதும். பேர் தெரியாவிட்டால் காலின் நீளத்தையும் அலகின் வடிவத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கூடவே ஒன்றைச் சேர்த்து எழுதுங்கள்: அந்தப் பறவை நின்ற இடத்தில் தண்ணீர் விரற்கடையா, சாணா, முழமா என்று. நாளை அந்த ஓரத்தை “சும்மா கிடக்கிற நிலம்” என்று யாராவது சொன்னால், அங்கே யார் யார் சாப்பிட்டார்கள் என்று காட்ட ஊர்க்காரர்களின் கையில் ஒரு கணக்கு இருக்கும்.