ஊருக்கே தெரிந்த மர்மங்கள்

தமிழில் குற்றக் கதை சொல்லும் யூடியூப் சேனல்களுக்கும் பாட்காஸ்ட்களுக்கும் இது நல்ல காலம். 'விடை தெரியாத கொலைகள்', 'தீராத மர்மங்கள்' என்று தலைப்பு வைத்தால் பார்க்கக் கூட்டம் இருக்கிறது. கோவையில் இப்படி ஒரு தொடருக்குப் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கும் தோழர்கள் இருவர், கொங்குப் பகுதியின் சாதி தொடர்பான மரணங்களை அதில் சேர்க்கலாமா என்று கேட்டார்கள். என் முனைவர் பட்ட ஆய்வு வன்கொடுமை வழக்குகளின் ஆவணங்களைப் பற்றியது என்பதால் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் 'மர்மம்' என்ற சொல்லைக் கீழே வைத்துவிட்டுத் தொடங்குங்கள் என்றேன். ஏன் என்பதை இங்கே விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

நம் நாளிதழ்களுக்கு 'மர்மச் சாவு', 'மர்ம நபர்கள்' என்ற சொற்கள் மிகவும் பிடித்தமானவை. யாருக்கு மர்மம் என்று அவை சொல்வதில்லை. ஈரோடு பக்கம் ஒரு வளவில் கள ஆய்வுக்காகப் பேசிக்கொண்டிருந்தபோது, பல வருடங்களுக்கு முன் தோட்டத்துக் கிணற்றில் பிணமாகக் கிடந்த உறவுக்காரப் பையனைப் பற்றி ஒரு அம்மா சொன்னார். வலிப்பு வந்து விழுந்துவிட்டான் என்று எழுதி முடித்துவிட்டார்களாம். "எங்களுக்குத் தெரியாமயா இருக்குது கண்ணு? யாரு, எதுக்குன்னு ஊருக்கே தெரியும். கேட்டு எழுதிக்கறதுக்குத்தான் ஒருத்தரும் வரல" என்றார். அவர் சொன்னது உண்மையா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும். விசாரிக்காமல் விட்டதைத்தான் நாம் மர்மம் என்கிறோம்.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களைக் கும்பலாகச் சேர்ந்து கொன்ற காலத்தில், பிண விசாரணை முடிவில் ஒரு வாசகத்தை வழக்கமாக எழுதினார்கள்: 'அடையாளம் தெரியாத நபர்களின் கையால் மரணம்'. அதே கொலைகள் சிலவற்றில், தொங்கும் உடலின் முன்னால் கொன்றவர்கள் முகம் தெரிய நின்று எடுத்துக்கொண்ட படங்கள் அஞ்சல் அட்டைகளாக விற்கப்பட்டன. 1955-இல் மிசிசிப்பியில் 14 வயது எம்மெட் டில் கொல்லப்பட்டான். குற்றம் சாட்டப்பட்ட இருவரையும் வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி விடுவித்தது. சில மாதங்கள் கழித்து, நாங்கள்தான் கொன்றோம் என்று இருவரும் ஒரு பத்திரிகைக்குக் காசு வாங்கிக்கொண்டு சொன்னார்கள். பழைய நிறவெறிக் கொலைகளை மீண்டும் விசாரிக்க 2008-இல் வந்த சட்டத்துக்கு அவன் பெயரைத்தான் வைத்தார்கள். 'தீர்க்கப்படாத குற்றங்கள்' என்பதும் அந்தச் சட்டத்தின் பெயரிலேயே இருக்கிறது. கொன்றவர் யார் என்று உலகத்துக்கே தெரியும். ஆனால் யாரும் தண்டிக்கப்படவில்லை. தீர்க்கப்படாதது என்றால் அங்கே அர்த்தம் அதுதான்.

இனி நம் ஊருக்கு வருவோம்.

2015 ஜூன் 23 அன்று, ஓமலூரைச் சேர்ந்த 21 வயதுப் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில் ஒரு தோழியுடன் பேசிக்கொண்டிருந்தார். அவர் தலித், அந்தப் பெண் கவுண்டர் சமூகத்தவர். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் அவர் உடல் கிடந்தது, தலை துண்டாக. அவர் கைப்பட எழுதிய தற்கொலைக் கடிதம் இருந்தது. அவரே பேசிய வீடியோவும் இருந்தது. தண்டவாளத்தில் ஒரு உடல், கூடவே ஒரு கடிதம் என்றால் நம் காவல் நிலையங்களில் வழக்கமாக என்ன எழுதுவார்கள்? குற்ற விசாரணை முறைச் சட்டம் 174-ஆம் பிரிவு, சந்தேக மரணம். 2024 ஜூலையிலிருந்து அதுவே பிஎன்எஸ்எஸ் 194. அதோடு கோப்பு தூங்கப் போய்விடும்.

இந்தக் கோப்பு தூங்கவில்லை. கோயிலின் சிசிடிவி கேமராவில் அவரை அழைத்துச் சென்றவர்கள் பதிவாகியிருந்தார்கள். உடலை வாங்க மறுத்து உறவினர்களும் இயக்கங்களும் போராடினார்கள். தாய் வழக்கை விடாமல் நடத்தினார். ஆனால் முதன்மைக் குற்றவாளியான தீரன் சின்னமலைக் கவுண்டர் பேரவை யுவராஜ் மட்டும் 2015 அக்டோபரில் சரணடையும்வரை தலைமறைவு. அந்த மாதங்களில் அவர் குரல் வாட்ஸப்பில் ஊர் ஊராகச் சுற்றியது. தொலைக்காட்சிக்குப் பேட்டியும் கொடுத்தார். காவல்துறை தேடிக்கொண்டிருந்தது, தமிழ்நாடு கேட்டுக்கொண்டிருந்தது. அந்த அஞ்சல் அட்டைகளுக்கும் இந்த ஆடியோக்களுக்கும் அதிகத் தூரம் இல்லை.

முக்கிய சாட்சி பிறழ்ந்தார். விசாரணையை நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாற்ற வேண்டியிருந்தது. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் 10 பேரைக் குற்றவாளிகள் என்றது. மேல்முறையீட்டின்போது, 2023 ஜனவரியில், உயர் நீதிமன்ற நீதிபதிகள் எம்.எஸ். ரமேஷ், என். ஆனந்த் வெங்கடேஷ் இருவரும் அந்தக் கோயிலுக்கே நேரில் வந்து பார்த்தார்கள். ஜூனில் யுவராஜின் ஆயுள் தண்டனையை உறுதி செய்தார்கள். அந்த கேமரா அன்று பழுதாகியிருந்தால்? கோகுல்ராஜும் நம் யூடியூப் பட்டியலில் 'தண்டவாள மர்மம்' என்று ஒரு எபிசோடாக இருந்திருப்பார்.

அதே வழக்கை விசாரித்துவந்த திருச்செங்கோடு டிஎஸ்பி விஷ்ணுபிரியா, 27 வயது தலித் அதிகாரி, 2015 செப்டம்பர் 18 அன்று தன் குடியிருப்பில் தூக்கில் இறந்துகிடந்தார். மேலதிகாரிகளின் நெருக்கடி பற்றி சக டிஎஸ்பி ஒருவர் வெளிப்படையாகப் பேசினார். சிபிசிஐடி விசாரித்தது. பிறகு உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐக்கு மாற்றியது. தற்கொலைதான், வழக்கை முடித்துக்கொள்கிறோம் என்று சிபிஐ கோவை நீதிமன்றத்தில் அறிக்கை கொடுத்தது. குடும்பம் அதை ஏற்கவில்லை. உங்கள் பட்டியலில் முதலில் வரப்போவது இந்த மரணம்தான் என்று எனக்குத் தெரியும். இதைப் பற்றி ஏற்கெனவே பேசியவர்கள் பலர் என்ன செய்தார்கள்? அவருடைய சொந்த வாழ்க்கையைக் கிளறினார்கள். யாரைக் காதலித்தார், யாரோடு பேசினார் என்று ஆராய்ந்தார்கள். ஒரு சாதி ஆணவக் கொலையை விசாரிக்கும் இளம் தலித் பெண் அதிகாரிக்கு அந்த மூன்று மாதங்களில் அலுவலகத்தில் என்ன நடந்தது என்ற கேள்விக்கு விடை தேட உழைப்பு வேண்டும். வதந்திக்கு உழைப்பு தேவையில்லை.

உடுமலைப்பேட்டையைப் பாருங்கள். 2016 மார்ச் 13, பட்டப்பகல், கடைவீதி, சங்கரை வெட்டுவது கேமராவில் பதிவாகிறது. கௌசல்யா வெட்டுக்காயங்களோடு உயிர் பிழைக்கிறார். இதில் என்ன மர்மம் இருக்க முடியும்? 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் கௌசல்யாவின் தந்தை உட்பட 6 பேருக்குத் தூக்கு விதித்தது. 2020 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், சதி நிரூபிக்கப்படவில்லை என்று தந்தையை விடுவித்து, மற்ற 5 பேரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. தீர்ப்பை எதிர்த்துக் கௌசல்யாவும் தமிழக அரசும் உச்ச நீதிமன்றம் போனார்கள். உயர் நீதிமன்றத் தீர்ப்பின்படி பார்த்தால், வெட்டிய கைகள் தெரியும். அந்தக் கைகளை ஏவியது யார் என்பதற்கு விடை இல்லை. ஊரே பார்த்த கொலையின் பாதி இப்படித் தீராமல் நிற்கிறது.

மரணத்தை மூட 'மர்மம்' ஒன்றுதான் சொல் என்று நினைக்காதீர்கள். 2019 டிசம்பர் 2 அதிகாலை, மேட்டுப்பாளையம் நடூரில் ஒரு வீட்டின் சுற்றுச்சுவர் மழையில் சரிந்து அருந்ததியர் வீடுகளின் மேல் விழுந்தது. 17 பேர் இறந்தார்கள். அது தீண்டாமைச் சுவர், ஆபத்து என்று முன்பே முறையிட்டோம் என்றார்கள் மக்கள். செய்தியில் அது 'மழை விபத்து' ஆனது. மழை எல்லாச் சுவரின் மேலும்தான் பெய்தது. இந்தச் சுவரை அவ்வளவு உயரத்துக்கு, அந்த இடத்தில், எதற்காகக் கட்டினார்கள்?

ஆகவே தோழர்களே, 'யார் செய்தது?' என்ற கேள்வியோடு எபிசோடைத் தொடங்காதீர்கள். பதில் எந்த இடத்தில் தாளுக்கு வராமல் தடுக்கப்பட்டது என்று தேடுங்கள். முதல் தகவல் அறிக்கையில் என்ன பிரிவு போட்டார்கள்? வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் முதல் நாளே சேர்ந்ததா, போராட்டத்துக்குப் பிறகு சேர்ந்ததா? விதி 7-இன்படி டிஎஸ்பி அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி விசாரித்தாரா? 60 நாளில் குற்றப்பத்திரிகை வந்ததா? சாட்சிகளுக்கு 15ஏ பிரிவு தரும் பாதுகாப்பு கிடைத்ததா? கடமை தவறிய அரசு ஊழியர்மேல் 4-ஆம் பிரிவு எப்போதாவது பாய்ந்ததா? இவற்றுக்குப் பதில் தேட நீங்கள் துப்பறியும் நிபுணராக இருக்க வேண்டியதில்லை. உணர்வுபூர்வமான வழக்குகள் தவிர மற்றவற்றின் முதல் தகவல் அறிக்கைகளை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தீர்ப்புகள் நீதிமன்ற இணையதளங்களில் இலவசமாகவே கிடக்கின்றன.

நம் தரப்புக்கும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். ஊருக்குத் தெரியும் என்பது தேடலைத் தொடங்கப் போதும்; ஒருவரைக் கொலைகாரர் என்று திரையில் காட்டப் போதாது. கோகுல்ராஜ் வழக்கில் தண்டனை வாங்கித் தந்தது நம் கோபம் மட்டும் அல்ல. ஒரு கேமரா பதிவு, அதைக் கைவிடாமல் வாதாடிய அரசு வழக்கறிஞர் ப.பா. மோகன், ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படி ஏறிய ஒரு தாய் எல்லாம் அதில் சேர்ந்திருக்கின்றன.

பட்டியலை மறுபடி போடுங்கள். வலிப்பு, தற்கொலை, விபத்து என்று எழுதி மூடப்பட்ட பெயர் தெரியாத மரணங்கள் உங்கள் தாலுகாவிலேயே இருக்கும். இறந்தவரின் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, அனுமதி கேட்டு, அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அந்தக் கோப்பைக் கேட்டு மனுப் போடுங்கள். தொடரின் முதல் எபிசோடு அந்த மனுவாக இருக்கட்டும்.